அது பறவைச் சத்தம் இல்லை, தம்பி

என் அருமைத் திருடா, தம்பி மாரிச்சாமி,

உன் இசைத்தட்டு வந்து சேர்ந்துவிட்டது. நீ போய்ச் சேர்ந்து இத்தனை மாதம் கழித்து அது வருகிறது. கூரியர்காரர் கொடுத்த பெட்டியைப் பிரித்தால், பீங்கான் சாமானுக்குச் சுற்றுவதுபோலச் சுற்றி, உள்ளே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கறுப்புத் தட்டு. இந்தக் காலத்தில் யார் வீட்டில் இதைப் போட்டுக் கேட்கிற மெஷின் இருக்கிறது? உனக்கு எப்போதுமே ஊரில் இல்லாத ஒன்றுதான் வேண்டும்.

அட்டையில் உன் பெயரை 'மாரி' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். சாமியை எங்கே விட்டாய்? இருக்கன்குடி அம்மனுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை என்று அம்மா வைத்த பெயர் அது. அவள் உன்னைக் கூப்பிட்டதே 'சாமி' என்றுதான். சென்னைக்குப் போனதும் அந்தப் பாதியைக் கத்தரித்துவிட்டாய். அது பழைய சண்டை, போகட்டும். இன்றைக்கு உன்னோடு வேறு சண்டை இருக்கிறது.

அட்டைப் படத்தில் ஒரு பறவை. நீல நிறம், நீண்ட வால், பனைமரத்து உச்சியில் உட்கார்ந்து வாயைத் திறந்து பாடுகிறது. சிவகாசியில் காலண்டர் கம்பெனியில் அச்சான ஷீட்டைச் சரிபார்க்கிறவள் நான். கிளியும் மயிலும் அன்னமும் என் கை வழியாகப் போகாத நாள் கிடையாது. இப்படி ஒரு பறவையை நம் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. அச்சு நன்றாகத்தான் இருந்தது, அதில் குறை சொல்ல முடியவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இந்தக் கடிதத்தை ஒரு பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன் தம்பி. அதனால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் அங்கங்கே சொல்லிக்கொண்டு போக வேண்டியிருக்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள். உனக்கு இப்போது என்ன அவசரம்?

படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். என் தம்பி விஸ்வநத்தத்தில் பிறந்தவன். எங்கள் அம்மா காளியம்மாள் பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிற வேலை பார்த்தாள். அவளுக்கு முந்தின தலைமுறை வரைக்கும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை. இவனை விருதுநகரில் ஒரு பள்ளிக்கூட விடுதியில் சேர்த்தோம். ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுக்கு வயலின் வாசிக்க ஆள் குறைந்தது என்று இவன் கையில் ஒன்றைக் கொடுத்தார்கள். பிறகு அதை இவன் கையில் இருந்து வாங்க முடியவில்லை. சென்னையில் சினிமாப் பாட்டுக்கு வயலின் வாசித்துச் சாப்பிட்டான். மிச்ச நேரத்தில் யாரும் கேட்காத ஒன்றை எழுதினான். இரண்டு வயலின், அதைவிடக் கொஞ்சம் பெரிதான வயோலா, உட்கார்ந்து முழங்காலுக்கு நடுவில் வைத்து வாசிக்கிற செல்லோ, ஆக நாலு பேர். பாட்டு கிடையாது, தாளம் போட ஆள் கிடையாது. நாலு பேரையும் தானே பழக்கி, பதிவும் முடித்துவிட்டு, தட்டு வெளிவருவதற்குள் மாரடைப்பில் போய்விட்டான். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

தட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி விருதுநகருக்கு ஜமாலிடம் போனேன். உன்னோடு படித்த அதே ஜமால்தான். அவன் வாப்பா நடத்திய எலக்ட்ரிக்கல் கடையைப் பெரிதாக்கி, சவுண்டு சர்வீசும் வைத்திருக்கிறான். அவனிடம் பழைய தட்டு மெஷின் ஒன்று இருந்தது. கல்யாண வீட்டுக்கு அனுப்புகிற ஆளுயர ஸ்பீக்கர் இரண்டில் அதை மாட்டி, குடோனில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, டீயும் வாங்கிக் கொடுத்தான். உன்னைப் பற்றிப் பேசினால் அழுதுவிடுவான் என்று இருவரும் மழையைப் பற்றிப் பேசினோம்.

தட்டு சுற்ற ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஜமால் என் பக்கம் குனிந்தான்.

"அக்கா, இன்னும் சுருதி சேத்துக்கிட்டுத்தான் இருக்காகளா, இல்ல ஆரம்பிச்சுட்டாகளா?"

எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் உன்னை விட்டுக்கொடுக்க முடியுமா? ஆரம்பித்துவிட்டார்கள், பேசாமல் கேள் என்றேன். முதல் பகுதியில் நாலு பேரும் குட்டிக் குட்டியாக வில்லை இழுக்கிறார்கள். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுக்கிறார். கேட்கக் கேட்க அம்மா கை ஞாபகம் வந்தது. வெடியை நூலில் கோத்துத் திருப்பிக் கோத்துப் பின்னும்போது அவள் கை இப்படித்தான் போகும். இதைத்தான் எழுதினாயா, இல்லை நானாக நினைத்துக்கொண்டேனா? உன்னிடம் கேட்டிருந்தால் 'அக்கா, அதெல்லாம் ஒண்ணும் இல்ல' என்று மழுப்பியிருப்பாய்.

பிறகு இரண்டாவது பகுதி வந்தது.

வயலின் மெல்லிசாகக் கீச்சிட்டது. அது முடிவதற்குள் வயோலா இன்னொரு பக்கம் இரண்டு மேலே ஏறி ஒன்று கீழே இறங்கித் துள்ளியது. செல்லோ அடியில் விட்டு விட்டு உறுமியது. ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல், மெட்டு மேல் மெட்டு. எல்லாமே குஷியான மெட்டு. ஜமாலுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இது நல்லா இருக்குக்கா, குருவிக கத்துற மாதிரியே இருக்கு என்றான். அட்டையைத் திருப்பிப் பார்த்தான். இரண்டாம் பகுதி, விடியற்காலைப் பறவைகள் என்று போட்டிருந்தது. பத்திரிகையிலும் ஒருவர் அப்படியே எழுதியிருந்தார். மழை காணாத மண்ணின் பறவைகள் ஒன்றாகக் கண் விழிக்கிற வேளையைக் கம்பியில் பிடித்துவிட்டானாம் என் தம்பி.

எனக்குக் கையில் இருந்த டீ ஆறிப்போனது. நான் எழுந்து வெளியே போய் நின்றேன். ஜமால் பின்னாலேயே வந்து என்னக்கா என்றான். அது பறவை இல்லை என்று மட்டும் சொன்னேன்.

அது எது என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். ஒரு பொறி போதும் என்பதால் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காலையில் கேட்டில் வாட்ச்மேனிடம் போனைக் கொடுத்துவிட்டுப் போய், சாயங்காலம் வாங்கிக்கொண்டு வருவார்கள். அம்மா கம்பெனியில் அதற்கென்று ஒரு பச்சைப் பிளாஸ்டிக் கூடை இருந்தது.

அன்றைக்கு நான் அச்சுக் கம்பெனி மாடியில் இருந்தேன். சத்தம் கேட்டது. சத்தம் கேட்டால் எங்கள் ஊரில் யாரும் உடனே அலறுவதில்லை. முதலில் புகை எந்தத் திசையில் என்று பார்ப்போம். விஸ்வநத்தம் பக்கம் புகை. அம்மாவுக்குப் போன் அடித்தேன். அவளால் எடுக்க முடியாது, போன் கேட்டில் கூடையில் கிடக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டேதான் அடித்தேன். அங்கே வேலை பார்த்த ஒவ்வொருவர் வீட்டிலும் அதே நேரத்தில் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள்.

நான் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாட்ச்மேன் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டூல் மேல் கூடை. கூடைக்குள் இருந்த போன் எல்லாம் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தன. மாரியம்மன் பாட்டு ஒன்று, சினிமாக் குத்துப் பாட்டு ஒன்று, பிள்ளை கெக்கலித்துச் சிரிக்கிற மணி ஒன்று. மணியை அணைத்து வைத்திருந்த போன்கள் பிளாஸ்டிக்கில் அதிர்ந்து உறுமிக்கொண்டு ஒன்றன் மேல் ஒன்று நகர்ந்தன. அம்மாவோடு வேலை பார்த்த பொன்னுத்தாயி மதினி போனில் சேவல் கூவியது. அந்தக் கூடையில் இருந்த ஒரே பறவை அதுதான்.

என் காதில் போன் இருந்தது. மறுபடியும் அம்மா நம்பரை அழுத்தினேன். கண் முன்னால், கூடைக்குள், அம்மா போன் அடித்தது. வாங்கும்போதே அதில் இருந்த சாதா மணி. டிரிங் டிங் டிங், டிரிங் டிங் டிங் என்று இரண்டு மேலே ஏறி ஒன்று கீழே இறங்கும். வேறு மணி வைத்துத் தருகிறேன் என்று நீ எத்தனை முறை கேட்டிருப்பாய், இதுதான் எனக்குப் பழக்கம் என்று விடமாட்டாள். ஒரு காதில் அது கூடையிலிருந்து கேட்டது, இன்னொரு காதில் என் போனுக்குள் மணி போகிற சத்தம் கேட்டது. நான் அதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் என்னவோ முடிந்துபோய்விடும் என்று இருந்தது.

உன்னையும் கூப்பிட்டேன் தம்பி. நீங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று அந்தப் பெண் சொன்னாள். நீ ஸ்டூடியோவில் ஏதோ ஒரு கல்யாணப் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தாய். மதியம் வரை அவள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நீ வந்து சேர்ந்தபோது அம்மாவைத் துணியில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். முகம் பார்க்க முடியவில்லை. காரியம் முடிகிற வரைக்கும் நான் உன்னோடு பேசவில்லை. அம்மா போனைத் திருப்பிக் கொடுத்தார்கள், அதில் விட்டுப்போன அழைப்புகளைப் பார்த்தேன். என் பெயர் இருந்தது, காரியாபட்டிச் சித்தி பெயர் இருந்தது, பால்காரர் பெயர்கூட இருந்தது. உன் பெயர் இல்லை. அப்போதுதான் அதைச் சொன்னேன்.

"எல்லார் வீட்டுப் போனும் அங்கன கெடந்து அடிச்சுச்சுலே. ஒங்கிட்ட இருந்து மட்டும் ஒரு மணி வரல."

சொன்னது சொன்னதுதான். இன்றைக்கும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதில்லை. உனக்குத் தெரியாது, நீ என்ன செய்வாய் என்று ஊரே உனக்காகப் பேசியது. எனக்கும் அந்த நியாயம் தெரியும். நியாயம் தெரிந்தால் கோபம் போய்விடுமா?

நீ ஒன்றே ஒன்று கேட்டாய்.

"வேற என்னென்ன மணி அடிச்சுச்சுக்கா?"

கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று நினைத்தேன். ஆனாலும் சொன்னேன். வேறு யார் என்னிடம் கேட்டார்கள்? வந்தவர்கள் எல்லாரும் எப்படி நடந்தது, எத்தனை பேர், என்ன கொடுத்தார்கள் என்று கேட்டார்கள். நான் என்ன கேட்டேன் என்று கேட்டது நீ ஒருவன்தான். மாரியம்மன் பாட்டில் இருந்து சேவல் வரைக்கும், எது முதலில், எது நின்று மறுபடி ஆரம்பித்தது என்று எல்லாம் சொன்னேன். நீ தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாய். எனக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது.

இப்போது புரிகிறது. அழுகிற வீட்டில் உட்கார்ந்து நீ உன் இசைக்குச் சரக்கு எடுத்துக்கொண்டிருந்தாய். அதனால்தான் உன்னைத் திருடன் என்று கூப்பிடுகிறேன். கேட்டில் நின்றது நான். அது என் காது. எடுத்துக்கொண்டு போனாய், எழுதினாய், நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்தாய், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதையும் பொறுத்துக்கொள்வேன். அம்மா சாவைக் குருவிச் சத்தம் ஆக்கினார்களே, அதை எப்படிப் பொறுப்பது?

முதல் வயலின் வாசித்த பிருந்தாவைப் போனில் பிடித்தேன். தட்டை அனுப்பியதும் அவள்தான். நல்லபடியாகப் பேச வேண்டும் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. என் தம்பி செத்த பிறகு அவன் எழுதியதற்கு உங்கள் இஷ்டத்துக்குப் பெயர் வைப்பீர்களா, பறவை என்று யார் சொன்னது என்று கத்தினேன். அவள் பயந்துபோனாள்.

"அக்கா, மாரி சார்தான் சொன்னாரு. பெயரும் அவரேதான் வச்சாரு."

என்னால் நம்ப முடியவில்லை. அவளே மேலே சொன்னாள். முதல் நாள் ஒத்திகையில் அவர்கள் இந்தப் பகுதியை மெதுவாக, உருக்கமாக வாசித்தார்களாம். உனக்குக் கோபம் வந்து வெளியே போய்விட்டாயாம். மறுநாள் வந்து, இது விடியற்காலைப் பறவைகள் என்று சொன்னாயாம். அதற்குப் பிறகு நீ சொன்னதை அவள் அப்படியே சொன்னாள்.

"அந்தப் பறவைகளுக்கு எதுவும் தெரியாது, என்ன நடந்திருக்குன்னு தெரியாம அது பாட்டுக்குக் கத்துது, நீங்களும் தெரியாதவங்களா வாசிங்க, அழுதுட்டு வாசிச்சா பொய்யாயிடும்னாரு."

அது நிஜம்தான் தம்பி. கூடைக்குள் கிடந்த எந்தப் போனும் அழவில்லை. குத்துப் பாட்டு குத்துப் பாட்டாகத்தான் அடித்தது. பிள்ளை சிரித்துக்கொண்டுதான் இருந்தது. நான் உனக்குச் சொன்னதிலேயே தாங்க முடியாத இடம் அதுதான், அதை நீ சரியாகப் பிடித்திருக்கிறாய். உண்மையைச் சொன்னால் வாசிக்கிறவர்கள் ஒப்பாரி வைத்துவிடுவார்கள் என்று ஒரு பொய்யைச் சொல்லி அவர்களைச் சிரிக்க வைத்திருக்கிறாய். கெட்டிக்காரன்தான், ஒத்துக்கொள்கிறேன்.

பிருந்தா இன்னொன்றும் சொன்னாள். இரண்டாவது வயலின் வாசிக்கிறவருக்கு அந்தப் பகுதி முழுக்க ஒரு ஸ்வரம்கூட இல்லையாம். வயலினைத் தோளில் வைத்து, வில்லைக் கம்பி மேல் வைத்து, இழுக்காமல் அப்படியே இருக்க வேண்டுமாம். மற்ற மூன்று பேர் வாசித்து முடிக்கிற வரைக்கும். தட்டில் கேட்கிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது, நேரில் பார்த்தால்தான் தெரியும். ஏன் இப்படி என்று அவர் உன்னிடம் கேட்டிருக்கிறார்.

"'அவன் வேலையா இருக்கான்'னு மட்டும் சொன்னாருக்கா. எங்களுக்குப் புரியல."

எனக்குப் புரிந்தது. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். ஒரு மணி வரவில்லை என்று நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையைச் சாகிற வரைக்கும் தோளில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாய். என்னிடம் வந்து சண்டை போட்டிருக்கலாமே தம்பி? நான் என்ன, திருப்பிப் பேசினால் கடித்தா தின்றுவிடுவேன்?

சரி, இத்தோடு முடிந்திருந்தால் உன் பொய் உன்னோடு இருக்கட்டும் என்று விட்டிருப்பேன். முடியவில்லை. நடந்ததைக் கேள்.

நாளைக்குச் சிவகாசியில் உன் கச்சேரி. அந்த நாலு பேரும் வருகிறார்கள். கல்யாண மண்டபத்தில் மேடை போட்டு, மண்ணின் மைந்தனுக்கு அஞ்சலியாம். நடத்துகிறவர் யார் தெரியுமா? அம்மா வேலை பார்த்த அதே கம்பெனிக்காரர் வீட்டுப் பிள்ளை. இப்போது அவர்தான் முதலாளி. கம்பெனிக்குப் பெயரை மாற்றிவிட்டார்கள். கேட் அதே கேட், கூடை மட்டும் நீலக் கூடை என்று சொல்கிறார்கள்.

அழைப்பிதழ் எங்கள் கம்பெனியில்தான் அச்சானது. ஷீட் என் மேசைக்கு வந்தது. அதே நீலப் பறவை, கீழே உன் பெயர், அதற்குக் கீழே அவர்கள் கம்பெனி பெயர். மாதிரி பார்க்க அவரே வந்திருந்தார். இசையமைப்பாளரின் அக்கா இவர்தான் என்று எங்கள் மேனேஜர் அறிமுகம் செய்துவைத்தார். அந்த முதலாளி எழுந்து நின்று கும்பிட்டார். மரியாதையான பிள்ளை, பொய் சொல்லக் கூடாது.

"ஒங்க தம்பி நமக்கெல்லாம் பெருமைக்கா. அந்தப் பறவைச் சத்தத்தக் கேட்டா மனசே லேசாயிருது. நீங்க வெளக்கேத்தி, சின்ன வயசுல அவர் கேட்ட பறவைகளப் பத்தி நாலு வார்த்த பேசணும்."

அவருக்குத் தெரியாது. விபத்து நடந்தபோது வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து கைகூப்பியது அவர்கள் மேனேஜர்தான், முதலாளி வீட்டார் யாரும் வரவில்லை. காளியம்மாள் என்று ஒருத்தி பெயரைச் சொல்லியிருந்தால் அவருக்கு ஞாபகம் வந்திருக்குமா? வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். நான் ஷீட்டைப் பார்த்துக்கொண்டே சரி என்றேன். பறவை இருந்த ஷீட்டுகளைச் சரிபார்த்து, நன்றாக இருக்கிறது என்று கையெழுத்தும் போட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. வாசிப்பு கெட்டுவிடக் கூடாது என்று நீ சொன்ன பொய், இன்றைக்கு யாருக்கு வேலை செய்கிறது பார்த்தாயா? கூடையில் எடுக்க ஆளில்லாமல் அடித்த மணியைக் கேட்டு அந்தக் கம்பெனிக்காரர் மனசு லேசாகிறது. அவரே அதற்குப் பந்தல் போட்டு, வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுக்கப் போகிறார். முதல் வரிசையில் அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்து, ஆமாம், பறவைதான் என்று தலையாட்ட வேண்டும். அம்மாவை இரண்டாவது தடவை துணியில் கட்டிக் கொடுக்கிற மாதிரிதான் இது.

ஜமாலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மண்டபத்துக்கு அவன்தான் சவுண்டு. தட்டைத் திரும்பப் போட்டுக் கேட்டான். இந்த முறை குருவி என்று சொல்லவில்லை. முடிகிற வரை ஸ்பீக்கர் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு கேட்டான்.

"இப்ப அந்தச் சென்னைக்காரவுககிட்டச் சொல்லப் போறீகளாக்கா? சொன்னா நாளைக்கு அழுதுக்கிட்டுல்ல வாசிப்பாக?"

அதுதானே என் தொல்லை. சொன்னால் நீ எழுதியது கெட்டுப்போகும். சொல்லாவிட்டால் அம்மா குருவியாகவே போய்விடுவாள். இரண்டில் எதையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. உன்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும், அம்மா போன் அடித்ததை யாராவது இழுத்து இழுத்து உருக்கமாக வாசித்தால் மேடையில் ஏறி வில்லைப் பிடுங்கிவிடுவேன். அதில் நீயும் நானும் ஒரு கட்சிதான்.

ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். பிருந்தாவைக் கூப்பிட்டு, எனக்கு மேடை என்றால் கூச்சம், முதலில் பேச வராது, கச்சேரி முடிந்த பிறகு ஏறுகிறேன் என்றேன். பாவம், ரொம்ப சந்தோஷப்பட்டாள். பத்திரிகைக்காரரிடமும் கச்சேரி முடிந்த பிறகுதான் இதைப் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஆகவே நாளைக்கு அவர்கள் ஒன்றும் தெரியாதவர்களாகவே வாசிப்பார்கள், நீ ஆசைப்பட்டபடி. அதற்குப் பிறகு வேறு ஊர்களில் உண்மை தெரிந்துகொண்டு அழுது வாசித்தால் வாசிக்கட்டும். அதற்குத்தான் தட்டு இருக்கிறதே. அதில் அவர்கள் தெரியாமல் வாசித்தது தெரியாமலேயே கிடக்கும். இந்தக் கறுப்புத் தட்டால் ஒரு உபயோகம் உண்டென்று இப்போதுதான் ஒத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது பகுதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செல்லோக்காரர் ஒரே ஸ்வரத்தை இழுத்துக்கொண்டே போகிறார், மற்றவர்கள் அதன் மேல் எப்போதாவது வந்து தொடுகிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. எதற்கு அவ்வளவு நீளம்? நீ இருந்திருந்தால் முகத்துக்கு நேராகவே சொல்லியிருப்பேன். நீயும் என் காலண்டரில் கிளி எப்படி எப்போதும் ஒரே பக்கம் பார்க்கிறது என்று கேலி செய்திருப்பாய்.

அம்மா போன் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பட்டன் போன், ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாள் கணக்கில் நிற்கும். ஆஸ்பத்திரியில் கொடுத்த உன் சாமான்களோடு உன் போனும் வந்தது. கண்ணாடி கீறிப்போய், காலையில் சார்ஜ் போட்டால் மதியம் செத்துவிடுகிறது, உன்னைப் போலவே நோஞ்சான். இரண்டுக்கும் நம்பர் போய்விடாமல் நான்தான் ரீசார்ஜ் செய்துகொண்டு வருகிறேன். பேச ஆளில்லாத போனுக்கு எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். ஒரு நாள் தேவைப்படும் என்றேன். அப்போது சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

நாளைக்கு மண்டபத்தில், தயவுசெய்து போனை அணைத்து வையுங்கள் என்று சொல்வார்கள். எல்லாரும் அணைக்கட்டும். நான் அணைக்க மாட்டேன்.

வாசித்து முடித்துக் கை தட்டிய பிறகு நான் மேடை ஏறுவேன். மைக்கைக் கையில் எடுக்க மாட்டேன். ஜமால் அதை மேசையில் தாழ்த்தி வைத்திருப்பான். அம்மா போனை அதற்கு முன்னால் வைப்பேன். பிறகு உன் போனை எடுத்து, உன் போனில் இருந்து, அம்மா நம்பரை அழுத்துவேன். இரண்டு மேலே ஏறி ஒன்று கீழே இறங்கும். சற்று முன்னால் வயோலாவில் கேட்டது இதுதான் என்று அந்த மண்டபத்தில் தெரியாத ஆள் இருக்க மாட்டார்கள், உனக்கு அந்த அளவுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுக்கத் தெரியும். முதலாளிக்கும் தெரியும். இரண்டாவது வயலின்காரருக்குத் தான் எதற்காகச் சும்மா இருந்தோம் என்பதும் ஒருவேளை தெரியும். முழுசாக அடித்து, எடுக்க ஆள் இல்லாமல், அது தானாக நிற்கிற வரைக்கும் நான் அங்கேயே நிற்பேன். அதற்குப் பிறகு அம்மா பெயரையும் அவள் வேலை பார்த்த கம்பெனியின் பழைய பெயரையும் சொல்லிவிட்டு இறங்குவேன். பறவையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

அம்மா உன் நம்பரை 'சாமி' என்றுதான் என்னைப் போட்டுத் தரச் சொன்னாள். நாளைக்கு அந்தச் சின்ன ஸ்கிரீனில் அந்தப் பெயர் வரும். விட்டுப்போன அழைப்புகளில், எனக்கும் சித்திக்கும் பால்காரருக்கும் மேலே, உன் பெயரும் ஏறிவிடும். அதை நான் அழிக்க மாட்டேன். இது அம்மா மேல் சத்தியம்.

இன்னும் கோபம் தீராமல்,
உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த
அக்கா பேச்சியம்மாள்